இலக்கிய வகுப்புக்கு ஆங்கிலச் சொற்கள்: பட்டியலா, அட்டையா, வேர்ச்சொல்லா, வாசிப்பா?

ஆங்கில இலக்கிய வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே பலருக்கும் ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது. ஒரு பக்கத்தில் பத்துச் சொல் தெரியவில்லை. ஆசிரியர் "இந்த வரியின் தொனி என்ன?" என்று கேட்டால் 'ஸேட்' (சோகம்) என்பதைத் தாண்டி வாயில் எதுவும் வருவதில்லை. உடனே செய்வது என்ன? 'கட்டாயம் தெரிய வேண்டிய ஆயிரம் உயர்தரச் சொற்கள்' என்று ஒரு பட்டியலைத் தேடி எடுத்து முதல் சொல்லிலிருந்து தொடங்குவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். 'அபேட்', 'அபெரன்ட்', 'அப்ஜூர்' என்று ஏ எழுத்திலேயே மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரமும் வகுப்பில் படித்த நாவலில் தெரியாத சொற்கள் நூற்றுக்கணக்கில் வந்தன, நான் மனப்பாடம் செய்தவை அதில் அநேகமாக இல்லை.

அதனால் எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால் எந்தச் சொல்லுக்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இலக்கிய வகுப்புக்கு மூன்று விதமான சொற்கள் தேவை. ஒன்று, படைப்புக்குள்ளேயே வரும் சொற்கள், அதாவது கதையிலும் கவிதையிலும் நாடகத்திலும் நீங்கள் முட்டிக்கொள்பவை. இரண்டாவது, படைப்பைப் பற்றிப் பேசத் தேவையான கலைச்சொற்கள்: ஐரனி, மெட்டானமி, என்ஜாம்ப்மென்ட் (கவிதை வரி நிற்காமல் அடுத்த வரிக்கு ஓடுவது), ஃபாயில் (முரணான குணத்தால் இன்னொரு பாத்திரத்தை எடுத்துக்காட்டும் பாத்திரம்) மாதிரி. மூன்றாவது, தொனியையும் மனநிலையையும் சொல்லும் சொற்கள்: விஸ்ட்ஃபுல் (ஏக்கமான), சார்டானிக் (கசப்பான ஏளனமுள்ள), எலிஜியாக் (இரங்கலான), ஆமினஸ் (கேடு வரப்போவதை உணர்த்தும்). இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே முறையில் படிக்கப் பார்ப்பதில்தான் பெரும்பாலோர் சோர்ந்துபோகிறார்கள்.

முதலில் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பட்டியலை மனப்பாடம் செய்வது மட்டமான வழி என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். நம் மரபிலேயே நிகண்டு இருக்கிறது, ஒரு பொருளுக்குப் பல சொல், ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்று செய்யுளாகவே கட்டி மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆனால் நிகண்டு படித்தவர்கள் அதோடு நிற்கவில்லை. அந்தச் சொற்கள் நடமாடும் செய்யுள்களையும் பக்கத்திலேயே பாடம் கேட்டார்கள். இன்றைய பட்டியலில் அந்தப் பக்கத்துத் துணை கிடையாது. சொல், எதிரே ஒரு சமானச் சொல், அவ்வளவுதான்.

அந்தச் சமானச் சொல்தான் ஆபத்து. 'நோட்டோரியஸ்' என்றால் புகழ்பெற்ற என்று படித்துவிட்டு ஒரு விஞ்ஞானியை அப்படி வர்ணித்தால் அவரைக் கெட்ட பெயர் எடுத்தவர் ஆக்கிவிடுகிறோம். 'சிம்ப்ளிஸ்டிக்' என்பதை 'சிம்பிள்' என்பதன் கம்பீரமான வடிவம் என்று நினைத்து ஒரு கவிதையைப் பாராட்டினால், அந்தக் கவிதை விஷயத்தை மேம்போக்காகக் கையாள்கிறது என்று குறை சொன்னதாக ஆகும். 'சைல்டிஷ்', 'சைல்ட்லைக்' இரண்டுக்கும் இடையே இருப்பது சிறுபிள்ளைத்தனத்துக்கும் குழந்தைமைக்கும் இடையே உள்ள தூரம். 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்பதற்கு, குறிப்பாக இலக்கிய விமர்சனத்தில், சார்பற்ற என்று பொருள், ஆர்வமில்லாத என்று எடுத்துக்கொண்டால் கட்டுரை முழுதும் தலைகீழாகும். இலக்கிய வகுப்பில் இந்த மாதிரிப் பிழைக்குத்தான் மதிப்பெண் குறையும், சொல் தெரியாமல் எளிய சொல்லைப் போட்டதற்கு யாரும் குறைப்பதில்லை.

பட்டியல் எடுபடும் இடமும் உண்டு, நுழைவுத் தேர்வு மாதிரியானவற்றில். கட்டுரை எழுத உதவும் பொதுவான கல்விச் சொற்களுக்கும் நல்ல பட்டியல் இருக்கிறது: 2000-இல் ஏவெரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட அகடமிக் வேர்ட் லிஸ்டில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு அடிச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம். ஆனால் அது கல்வி எழுத்துகளிலிருந்து திரட்டப்பட்டது, நாவலிலிருந்து அல்ல. உங்கள் கட்டுரைக்கு உதவும், நீங்கள் படிக்கும் நாவலுக்கு அவ்வளவாக உதவாது. கலைச்சொற்களுக்கும் பட்டியல் போதும், ஏனென்றால் அவை எண்ணிக்கையில் குறைவு, வரையறையும் ஓரளவு உறுதியானது. அதிலும் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, இலக்கணத்தில் படித்த ஆகுபெயரை நினைவுபடுத்திக்கொண்டால் மெட்டானமியும் சினெக்டகியும் பாதி வழி வந்துவிடும். "தலைக்கு ஒரு பழம்" என்ற சினையாகுபெயர் எடுத்துக்காட்டு அப்படியே சினெக்டகிக்குப் பொருந்தும். ஆனால் ஐரனிக்கு எதிரே வஞ்சப்புகழ்ச்சி என்று மட்டும் எழுதி வைத்தால் ஒரு பகுதிதான் சரி. பாத்திரத்துக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கும் நாடக ஐரனி அதில் அடங்காது. ஆகவே ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் வகுப்பில் படித்த படைப்பிலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வகைக்கு அதற்கு மேல் உழைப்பு வேண்டாம்.

அடுத்தது அட்டை, அதாவது ஃபிளாஷ் கார்டு. இதற்குப் பின்னால் உறுதியான அடிப்படை இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதலில் மளமளவென்றும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பது அதில் தெரிந்தது. மறக்கப்போகும் நேரத்தில் மறுபடி பார்த்தால் அடுத்த முறை இன்னும் அதிக நாள் நிற்கும் என்ற எண்ணத்தில்தான் இன்றைய அட்டை முறைகள் நடக்கின்றன. 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் இதை ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்தார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும், பின் அறைகளை நாள் தள்ளிப் பார்த்தால் போதும். 2006-இல் வந்த அங்கி செயலி இதே வேலையைக் கணக்குப்போட்டுச் செய்கிறது. கணினியில் அது இலவசம்.

அட்டை முறை வேலை செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேள்வி அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதுதான். எப்பிங்ஹவுஸ் வேண்டுமென்றேதான் பொருளற்ற அசைகளை எடுத்தார், எதோடும் ஒட்டாத ஒன்று எப்படி மறக்கிறது என்று பார்க்க. முன்பக்கம் 'மொரோஸ்', பின்பக்கம் 'சோகமான' என்று ஒரு அட்டை செய்தால், நாமும் ஏறக்குறைய அவருடைய அசையைத்தான் மனப்பாடம் செய்கிறோம். ஒட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அதே சொல் நீங்கள் படித்த கதையில், விருந்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி வந்திருந்தால், அந்த வாக்கியத்தையே முன்பக்கம் எழுதிச் சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். பின்பக்கம், 'யாரோடும் ஒட்டாமல் கடுகடுவென்று இருக்கும் சோகம்' என்று எழுதுங்கள். இப்போது நினைவில் வருவது அந்த மூலையும் அந்த ஆளும். சொல் தானாக வந்து சேரும்.

இதனாலேயே யாரோ செய்து வைத்த ஆயத்த அட்டைக் கட்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. நேரம் மிச்சம் என்று தோன்றும், ஆனால் அட்டை செய்யும் வேலையில்தான் பாதிப் படிப்பு நடக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: ஆர்வத்தில் ஒரு நாளைக்கு 20 புதுச் சொல் என்று ஆரம்பிக்காதீர்கள். புதுச் சொல் 20 தான், ஆனால் பழையவற்றின் மீள்பார்வை நாளுக்கு நாள் மேலே ஏறிக்கொண்டே போகும், நான்கு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தால் நூற்றுக்கணக்கில் பாக்கி நிற்கும், அதைப் பார்த்ததும் செயலியையே அழித்துவிடத் தோன்றும். நாளைக்கு ஐந்து போதும். 90 நாளில் 450 சொல். ஒரு செமஸ்டருக்கு அது கொஞ்சமல்ல.

சரி, வேர்ச்சொல்லுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த வழி இது, அதனாலேயே கொஞ்சம் ஜாக்கிரதையாகச் சொல்கிறேன். 'மெலன்கலி' என்ற சொல்லைப் பிரித்தால் கிரேக்கத்தில் 'மெலன்' கருப்பு, 'கோலே' பித்தம். கரும்பித்தம்! வாதம், பித்தம், கபம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பழைய ஐரோப்பிய மருத்துவத்தில் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு திரவங்கள், எது மிகுகிறதோ அதற்கேற்ற குணம். 'சாங்வின்' உற்சாகமானவர், 'ஃப்ளெக்மாட்டிக்' எதற்கும் அசையாதவர், 'காலரிக்' சட்டென்று கோபப்படுபவர், 'மெலன்காலிக்' துயரத்தில் ஆழ்ந்தவர். 'ஹ்யூமர்' என்ற சொல்லே முதலில் அந்தத் திரவத்தைத்தான் குறித்தது. பழைய நாடகங்களில் ஒரு பாத்திரத்தை இந்தச் சொற்களில் ஒன்றால் வர்ணித்தால் அது வெறும் மனநிலை அல்ல, உடம்பின் தன்மையைப் பற்றிய கூற்று என்பது இதனால் புரிகிறது. ஒரே கதையில் ஐந்து சொல், கூடவே பாத்திரத்தைப் படிக்க ஒரு சாவி. எந்தப் பட்டியலும் இதைத் தராது.

பேசுதல் என்ற பொருளுள்ள லத்தீன் 'லொக்வி'யும் அப்படித்தான்: எலொக்வென்ட் (நாவன்மையுள்ள), லொக்வேஷஸ் (ஓயாமல் பேசுகிற), கொலோக்வியல் (பேச்சுவழக்கான), பாத்திரம் தனியாகப் பேசும் சொலிலொக்வி, வயிற்றிலிருந்து பேசுகிறவர் என்ற பொருளில் வந்த வென்ட்ரிலொக்விஸ்ட்.

ஆனால் வேரை நம்பி மட்டும் இறங்கினால் சறுக்கும். 'பெடகாக்' என்பதில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர், 'பெடெஸ்ட்ரியன்' என்பதில் இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர். இரண்டும் காதில் ஒன்று மாதிரி விழும். அதோடு, ஒருவருடைய நடை பெடெஸ்ட்ரியன் என்று விமர்சகர் எழுதினால் அது உயிரில்லாத, சாதாரண நடை என்று பொருள், பாதம் அங்கே வழி காட்டாது. 'இன்' இருப்பதால் 'வேல்யுவபிள்' என்பதற்கு நேர் எதிர்ப்பதம் என்று நினைத்தால் 'இன்வேல்யுவபிள்' மதிப்பற்றதாகிவிடும், உண்மையில் அது விலைமதிக்க முடியாதது. 'பேதாஸ்' என்ற வேரிலிருந்து வந்த 'பதெடிக்' இன்றைய பேச்சில் கேவலமான என்கிற மாதிரி ஒலிக்கிறது. ஆனால் 1856-இல் ஜான் ரஸ்கின் உருவாக்கிய 'பதெடிக் ஃபாலஸி' என்ற தொடரில் அந்தப் பொருளே இல்லை, அங்கே அது உணர்ச்சியைச் சார்ந்தது. மனிதனுடைய உணர்ச்சியை மழைக்கும் கடலுக்கும் ஏற்றிச் சொல்வதைத்தான் அவர் குறித்தார். அதைக் 'கேவலமான தவறு' என்று படித்துப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, வேர் ஒரு சொல்லை மறக்காமல் வைத்துக்கொள்ள அருமையான கொக்கி, ஆனால் பொருளைக் கண்டுபிடிக்க அரைகுறையான வழிகாட்டி. முதலில் பொருளை அகராதியில் பார்த்துவிட்டு அப்புறம் வேருக்குப் போங்கள். மாற்றிச் செய்யாதீர்கள்.

இனி வாசிப்பு. "நிறையப் படி, சொல் தானாக வரும்" என்று சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தானாக வருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சொல்வளத்தை ஆராய்ந்த பால் நேஷன், உடன் ஆய்வாளர்களோடு கண்டது, ஒரு கதையைத் துணையில்லாமல் ஓரளவு நன்றாகப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது. அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாத சொல் இருக்கக் கூடாது. ஆங்கில நாவல்களில் அந்த அளவை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று 2006-இல் அவர் கணக்கிட்டார். உங்கள் பாடநூலில் ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துத் தெரியாத சொற்களை எண்ணிப் பாருங்கள். 300 சொல் கொண்ட பக்கத்தில் ஆறுக்குள் இருந்தால் ஊகித்துக்கொண்டே படிக்கலாம். பதினைந்து, இருபது என்று போனால் ஊகம் செல்லாது, ஒரு தெரியாத சொல்லை இன்னொரு தெரியாத சொல்லை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும்.

ஊகம் கைவிடும் சொற்களும் இருக்கின்றன, தெரிந்த சொல்லின் சாயலில் வந்து ஏமாற்றுபவை. 'எனர்வேட்' கேட்பதற்குச் சக்தியூட்டுவது மாதிரி இருக்கிறது, பொருள் சக்தியை உறிஞ்சுவது. 'நாய்ஸம்' என்பதில் சத்தம் எதுவும் இல்லை, துர்நாற்றம்தான் இருக்கிறது. ரோமியோவைக் குறித்து ஜூலியட் கேட்கும் 'வேர்ஃபோர்' எங்கே என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கிறது: நீ ஏன் ரோமியோவாக, அந்தக் குடும்பத்துப் பிள்ளையாக, இருக்கிறாய் என்று. அதை எங்கே என்று படித்தால் அடுத்து அவள் பெயரைப் பற்றிப் பேசும் வரிகள் எதனோடும் ஒட்டாமல் தொங்கும்.

காலத்தோடு பொருள் மாறியவை இன்னொரு சிக்கல். நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்தது என்று தெரியாமல் ஒரு பழம்பாடலைப் படித்தால் என்ன ஆகுமோ அதேதான். 'நைஸ்' ஒரு காலத்தில் முட்டாள்தனமான என்ற பொருளில் இருந்தது. 1800-களின் தொடக்கத்து நாவலில் ஒருவருடைய 'காண்டிசென்ஷனை' இன்னொருவர் வாய்நிறையப் புகழ்ந்தால் குழம்ப வேண்டாம், உயர்ந்த நிலையில் இருப்பவர் இறங்கி வந்து பழகுவதை அப்போது நல்ல குணமாகவே சொல்வார்கள். மற்றவரை மட்டமாக நினைத்து நடத்துவது என்ற இன்றைய பொருளில் படித்தால் பாத்திரத்தையே தப்பாக எடைபோடுவோம்.

இந்த இடத்தில் எந்த அகராதி என்பது முக்கியமாகிறது, இதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. கற்பவருக்கான அகராதி, ஹார்ன்பி தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் மாதிரியானவை, எளிய விளக்கமும் எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதும் தரும், கட்டுரை எழுதும்போது அதுதான் வேண்டும். ஆனால் அது இன்றைய ஆங்கிலத்துக்கானது. பழைய படைப்புக்கு வரலாற்று அகராதி வேண்டும். 1884-இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1928-இல் முடிந்த பெரிய ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுவாரியாக மேற்கோள் கொடுக்கிறது, உங்கள் நாவல் வந்த ஆண்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் நடப்பில் இருந்தது என்று பார்த்துவிடலாம். சந்தா கட்டிப் பார்ப்பது அது, பல நூலகங்கள் வழியாகக் கிடைக்கும். 18-ஆம் நூற்றாண்டுப் படைப்பென்றால் சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதி இணையத்தில் இருக்கிறது, அந்தக் காலத்து மனிதரே அந்தக் காலத்துச் சொல்லுக்குப் பொருள் சொல்வது தனி ருசி.

ஆங்கில–தமிழ் அகராதி வேண்டாம் என்று சிலர் கண்டிப்பாகச் சொல்வார்கள். நான் ஒப்பவில்லை. தமிழில் பொருள் எழுதுங்கள், ஆனால் ஒற்றைச் சொல்லாக எழுதாதீர்கள், ஒரு தொடராக எழுதுங்கள். முக்கியமாகத் தொனிச் சொற்களுக்கு. சோகம் என்ற ஒரு சொல்லுக்கு எதிரே ஆறு ஆங்கிலச் சொற்களைக் கொட்டி வைத்தால் ஆறும் ஒன்றாகிவிடும். பதிலாக இப்படி: விஸ்ட்ஃபுல், கிடைக்காததை எண்ணி ஏங்குவது. ப்ளெயின்டிவ், கேட்பவர் மனம் இளகும்படி முறையிடுவது. எலிஜியாக், இறந்ததையும் இழந்ததையும் எண்ணி இரங்குவது, நம்முடைய கையறுநிலைப் பாடல் மாதிரி. சாம்பர், சிரிப்புக்கு இடமே இல்லாத கனம். இப்படி எழுதி வைத்தவருக்கு, ஆசிரியர் தொனி என்ன என்று கேட்கும்போது இது ஏக்கமா, முறையீடா, இரங்கலா என்று யோசிக்க ஒரு வழி கிடைக்கிறது. தொனிச் சொற்களுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. அட்டையில் தனித்தனியாக அல்ல, ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில், வித்தியாசத்தோடு.

கடைசியாக, நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலே வைப்பது: பாடநூலிலிருந்து நீங்களே எடுக்கும் சொல்நோட்டு. பழைய உரைக்காரர்கள் செய்ததுதான். சிலப்பதிகாரத்துக்கு ஒரு அரும்பதவுரை இருக்கிறது, பெயரே சொல்கிறது, அரிய சொற்களுக்கு மட்டும் உரை. நீங்கள் படிக்கும் நாவலுக்கு நீங்களே ஒரு அரும்பதவுரை எழுதுங்கள். ஒரு அத்தியாயத்தை முதலில் நிற்காமல் படியுங்கள், தெரியாத சொல்லுக்குப் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும். முடித்ததும் திரும்பிப் பார்த்தால் சில புள்ளிகளுக்கு அதற்குள் பொருள் விளங்கியிருக்கும், சில இல்லாவிட்டாலும் கதைக்கு ஒன்றும் குறையாது. மிஞ்சியவற்றில் எவை அந்தக் காட்சியைத் தாங்குகின்றனவோ, எவை ஒரு பாத்திரத்துக்கே திரும்பத் திரும்ப வருகின்றனவோ, அந்த ஐந்தாறை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள்: வாக்கியம், பக்க எண், யார் யாரைப் பற்றிச் சொன்னது, இந்த இடத்தில் என்ன பொருள். இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஒரு அத்தியாயத்துக்கு அரைமணி நேரம் கூடப் போகலாம். ஆனால் அந்த அரைமணியில் நீங்கள் சொல் மட்டும் படிக்கவில்லை. ஆசிரியர் ஏன் வேறு சொல்லைப் போடாமல் இதைப் போட்டார் என்று யோசிக்கிறீர்கள், இலக்கிய வகுப்பே அதற்குத்தானே. பக்க எண் இருப்பதால் கட்டுரைக்கு மேற்கோளும் தயாராக இருக்கும்.

நோட்டில் ஏறிய எல்லாச் சொல்லையும் நீங்கள் எழுத்தில் பயன்படுத்த வேண்டியதில்லை. படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதுமானவைதான் அதிகம். இருபதில் நான்கை, பெரும்பாலும் தொனிச் சொற்களை, கட்டுரைக்குக் கொண்டுவரலாம். கொண்டுவரும் முன் கற்பவர் அகராதியில் அது எந்தச் சொல்லோடு சேர்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இனி முடிவெடுப்பது எளிது. தேர்வுக்கு இரண்டே வாரம் இருந்தால் வேர்ச்சொல்லையும் பெரிய பட்டியலையும் மூடி வையுங்கள். கலைச்சொற்களில் வகுப்பில் பயன்பட்டவை, தொனிச் சொற்களில் ஒரு பக்கம், அவ்வளவே. ஒரு செமஸ்டர் முழுக்க இருந்தால் சொல்நோட்டை முதுகெலும்பாக வையுங்கள், அதிலிருந்து நாளைக்கு ஐந்து சொல்லை வாக்கியத்தோடு அட்டைக்கு மாற்றுங்கள், வேர்ச்சொல் மனசுக்குப் பிடித்த இடத்தில் மட்டும். பக்கத்துக்கு இருபது சொல் தெரியாத நிலை என்றால் ஓரத்தில் குறிப்பு போட்ட பதிப்பாகத் தேடி வாங்குங்கள், கூடவே அதைவிட எளிய ஒரு நாவலை அகராதி இல்லாமல் தினமும் படியுங்கள், அது குறுக்குவழி அல்ல, 98 சதவீதம் உள்ள இடத்தில்தான் ஊகம் பழகும். நுழைவுத் தேர்வும் சேர்ந்து இருக்கிறது என்றால் அதற்கான பட்டியலைத் தனியாக, வேறு நோட்டில், வேறு நேரத்தில் வையுங்கள்.

எதை எடுத்தாலும் மூன்றாவது வாரத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். முதல் வாரம் படித்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்து, நோட்டை மூடிவிட்டு, புள்ளி வைத்த இடங்களில் நின்று நின்று படியுங்கள். சொல்லைப் பார்த்ததும் பொருள் வரிசையாக வருகிறது, ஆனால் காட்சி மங்கலாக இருக்கிறது என்றால் அட்டை கூடிவிட்டது, நோட்டு குறைந்துவிட்டது. காட்சி தெளிவாக இருக்கிறது, சொல் மட்டும் நழுவுகிறது என்றால் அட்டையைக் கூட்டுங்கள்.